கரை மேல் சாப்பிடக் கூடாது

மேட்டுப் பள்ளிக்கூட முகாம்
மே மாதம், முதல் ஞாயிறு

அன்புள்ள தம்பி எமிலுக்கு,

அக்கா பரஸ்கீவா எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். முழங்கால் வலி என்னோடு பிறந்தது, அதை வெள்ளத்தின் கணக்கில் எழுத வேண்டாம். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் நகரத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் புகவில்லை என்று ரேடியோவில் சொன்னபோது, வீடு வாசல் இழந்து இங்கே தரையில் படுத்திருக்கிறோமே, நாங்கள் கைதட்டினோம். முதலில் தட்டியது கரைக்காவலர் பாந்தெலே அண்ணன்தான். அவர் மகள் சவீனா அப்போது உங்கள் நகர ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

நம் ஊர் ப்ருந்தாரியைப் பற்றி என்ன எழுத? கூரை வரை தண்ணீர். நம் வீட்டின் தெற்குச் சுவர் கரைந்து விழுந்துவிட்டது. பச்சை மண் கல்தானே, எத்தனை நாள் நிற்கும்? ஈஸ்டருக்கு வாங்கி வைத்த மாவு, முட்டை, சாயம் எல்லாம் போயிற்று. கட்டுத்தறியில் நின்ற மாடுகளும் போயின. ஆனால் மனிதர் ஒருவரும் சாகவில்லை. கோவில் மணி அடித்து முடிப்பதற்குள் உங்கள் வெள்ளத்தடுப்பு அலுவலகப் பஸ்கள் வந்து நின்றுவிட்டன. அரசாங்கத்து வண்டி இவ்வளவு வேகமாக வந்ததை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. எல்லாம் உன் புண்ணியம் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது எழுத வந்த விஷயம். பாந்தெலே அண்ணனை ஊர் நாசமாக்குகிறது, எமில். விசாரிக்க வந்த அதிகாரிகள், கரையில் எலி வளை இருந்தது, அதன் வழியாகத்தான் உடைப்பு எடுத்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். எலி வளை என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயதில் கரை மேல் உட்கார்ந்து நீ ரொட்டி தின்றபோது அப்பா அதைத் தட்டிவிட்டு முதுகில் ஒன்று வைத்தாரே, அதை நீ மறந்திருக்க மாட்டாய். துணுக்கு விழுந்தால் எலி வரும், எலி வந்தால் வளை வரும், வளை வந்தால் ஆறு வரும். கரை மேல் எவனும் வாயில் எதையும் போடக் கூடாது. பசித்தால் கீழே இறங்கு. இதுதானே நம் வேதம்?

ஆக, கரை மேல் எவனோ தின்றிருக்கிறான். யார் எப்போதும் கரையிலேயே கிடந்தவன்? பாந்தெலே. முடிந்தது தீர்ப்பு. கொல்லர் தியாகு ஊரறியச் சொல்கிறான்: "வயசாச்சு, இறங்கி ஏற சோம்பல். மேலேயே உக்காந்து தின்னிருக்கான் கிழவன்." நரம்பில்லாத நாக்கு. நேற்று வரை அந்தக் கிழவன் காவலில்தான் இவன் நிம்மதியாகக் குறட்டை விட்டான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று உனக்குத் தெரியும். அவரைக் கரையிலிருந்து இறக்கியவள் நான். அன்று புனித வியாழன். காலையில் நீ ஃபோன் செய்து, "அக்கா, ஆத்துக்கு மேல்பக்கம் தண்ணி வடியுது, பயமில்ல. பாவம், மூணு நாளா கரையில காவல் நின்னு காயிறாங்க. நம்மூர்ப் பள்ளிக்கூட அடுப்ப மூட்டி எல்லாருக்கும் சூடா சமைச்சுப் போடு. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடட்டும்" என்று சொன்னாய். நானும் பெரிய அண்டாவில் பீன்ஸ் சூப் வைத்தேன். நோன்பு வாரம், இறைச்சி இல்லை, ஆனாலும் வாசனை தெருமுனை வரை போயிற்று. வழக்கமாகப் பாதிப் பேர் சாப்பிட, பாதிப் பேர் கரையில் நிற்பார்கள். அன்று எல்லோரும் வந்தார்கள், அவரைத் தவிர. நான்தான் மேலே ஏறிப்போய், "அண்ணே, எஞ்சினீயரு சொல்லிட்டாரு, உங்களுக்கு என்ன? நேத்துலேர்ந்து பட்டினி. மேலயும் திங்க மாட்டீங்க, கீழயும் வரமாட்டீங்க. நீங்க வராம என் சூப்பு இறங்காது" என்று கையைப் பிடித்து இழுத்துவந்தேன். இரண்டாவது கரண்டி ஊற்றும்போது கோவிலில் வெள்ள மணி அடித்தது.

உன் கருவிகள் தப்பாகக் காட்டிவிட்டன போலும். அதற்கு நீ என்ன செய்வாய்? ஆனால் அந்த மனிதர் கரையில் தின்னாதவர், தின்னக் கூடாது என்றே பட்டினி கிடந்தவர். நீ படித்தவன், பதவியில் இருப்பவன். ஒரு தடவை வந்து அவருக்காக ஒரு வார்த்தை சொல். எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன் அக்கா
பரஸ்கீவா


மேட்டுப் பள்ளிக்கூட முகாம்
ஜூன் மாதம், இறந்தவர்களின் சனிக்குப் பிறகு

எமிலுக்கு,

நலம் விசாரிக்க இன்று மனம் வரவில்லை. நீ அனுப்பிய பார்சல் கிடைத்தது. பூட்ஸை இந்தக் கடிதம் கொண்டுவரும் டிரைவரிடமே திருப்பி அனுப்பியிருக்கிறேன். காபியைத் திருப்பவில்லை, குடித்துவிட்டேன். கோபத்துக்கும் ஒரு தெம்பு வேண்டாமா?

ஃபோனில் பேசலாமே என்று நீ கேட்பாய். ஃபோனில் நீ குறுக்கே பேசுவாய். சின்ன வயதிலிருந்தே பேச்சில் உன்னை ஜெயிக்க என்னால் முடிந்ததில்லை. காகிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. கடைசி வரி வரை படி.

நீ போன வாரம் இங்கே வந்தாய். நான் அழுதேன், என் கையால் இழுத்து வந்தேனே, அந்தப் பாவம் என்னோடு போகட்டும் என்று புலம்பினேன். உனக்கு மனசு கேட்கவில்லை. முசுக்கட்டை மரத்தடிக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போய், "அக்கா, அழாத. உன்மேல தப்பில்ல. கரை தானா உடையல. நாங்கதான் வெட்டினோம்" என்று சொன்னாய். என் பாரத்தை இறக்கிவைப்பதாக உனக்கு நினைப்பு. அந்த நிமிஷத்திலிருந்து நான் அழவே இல்லை. நெஞ்சு பற்றி எரியும்போது கண்ணில் ஏது தண்ணீர்?

பாப்ளார் தோப்பு வளைவுக்குப் பின்னால், நாங்கள் தட்டோடு வரிசையில் நின்றபோது, பொக்லைனை விட்டுக் கரையை வெட்டியிருக்கிறீர்கள். பஸ்கள் காலையிலேயே மேட்டில் வந்து காத்திருந்தனவாம். நானோ உன் புண்ணியம், உன் புண்ணியம் என்று ஊரெல்லாம் பறையடித்துக்கொண்டிருந்தேன். நீ சொல்லித்தான் நான் அடுப்பை மூட்டினேன். கரை மேல் நாங்கள் சாப்பிட மாட்டோம் என்பது எந்த வெளியூர் எஞ்சினீயருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும். அப்பா கொடுத்த அடியை அப்படி ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தினாய். என் சூப்பைத் தூண்டில் புழுவாக்கினாய், எமில். அன்றிலிருந்து நான் பீன்ஸை ஊறப்போடவில்லை.

உன் நியாயத்தை நான் கேட்காமல் இல்லை. முழுதாகத்தான் கேட்டேன். அந்தப் பக்கம் நகரம், பன்னிரண்டாயிரம் பேர், ஆஸ்பத்திரி, எங்கேயும் ஓட முடியாத நோயாளிகள். இந்தப் பக்கம் முந்நூறு மண்வீடு, கையும் காலும் திடமாக உள்ள ஜனம், பக்கத்திலேயே மேடு. வெட்டாவிட்டால் அங்கே பிணம் மிதக்கும், வெட்டினால் இங்கே கோழி மிதக்கும். நான் சமையற்காரிதான், ஆனால் எது பெரிது எது சிறிது என்று எனக்கும் தெரியும். நீ சொன்ன கணக்கில் தப்பு கண்டுபிடிக்க நான் மூன்று இரவு முயன்றேன். முடியவில்லை. அதுவும் ஒரு கோபம்.

உன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டாய். தெரியாது. வெட்டித்தான் இருப்பேனோ என்னவோ. ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். "கேட்டிருந்தா கம்பும் கடப்பாரையுமா வேலி மாதிரி நின்னிருப்பீங்க. உங்களோட பஞ்சாயத்து பண்ண எனக்கு நேரம் இல்லக்கா" என்றாய். நின்றிருப்போமா? தியாகு நின்றிருப்பான். தாத்தா காலத்தில் எதிர்க்கரைக்காரன் வெட்ட வந்தபோது துப்பாக்கியோடு நின்ற ஊர் இது. நான்கூட நின்றிருப்பேன். ஆனால் அந்தக் கரையில் பாந்தெலே அண்ணனும் நின்றிருப்பார். அவர் மகள் அந்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அவரே மண்வெட்டியை எடுத்து முதல் வெட்டு வெட்டியிருப்பாரா, இல்லை முதலில் உன் காலை வெட்டியிருப்பாரா? எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது. அந்த மனிதர் தன் வாயால் சொல்ல வேண்டிய ஒரு பதிலை நீ அவரிடமிருந்து பறித்துக்கொண்டாய். மண் மூட்டையிடம்தான் யாரும் சம்மதம் கேட்க மாட்டார்கள்.

சரி. அதையும் விடு. ஆறு தலைக்கு மேல் நின்றது, நேரம் இல்லை, பொய் சொன்னாய். ஒருநாள் அதை நான் மறந்தாலும் மறப்பேன், நீ என் தம்பி. ஆனால் எலி வளை? அதைச் சொல்ல உனக்கு யார் கழுத்தில் கத்தி வைத்தார்கள்? தண்ணீர் வடிந்த பிறகு, உலர்ந்த அறையில், நாற்காலியில் உட்கார்ந்து சொன்ன பொய் அது. வெட்டினோம் என்று சொன்னால் வழக்கு வரும், நஷ்டஈடு வரும், அமைச்சர் நாற்காலி ஆடும் என்றாய். அதற்காக எதையாவது சொல்லியிருக்கலாமே, பழைய கரை என்றோ, கடவுள் செயல் என்றோ. எலி வளை என்ற சொல் ப்ருந்தாரியில் யார் தலையில் போய் விழும் என்று உனக்குத் தெரியாதா? "நான் ஒருத்தர் பேரையும் சொல்லலையே" என்கிறாய். கல்லைக் கூரை மேல் போட்டுவிட்டு, யார் தலையையும் குறிவைக்கவில்லை என்பவன் பேச்சு இது.

அந்தக் கல் எப்படி விழுந்தது என்று கேட்டுக்கொள். பெந்தெகொஸ்தேக்கு முந்தின சனிக்கிழமை இறந்தவர்களின் சனி அல்லவா? பாந்தெலே அண்ணனின் மனைவி ஸ்தானாவுக்கு ஒரே மகன், ராணுவத்தில் இருந்தபோது செத்துப்போனவன், உனக்கும் பழக்கமானவன். வருஷா வருஷம் அவன் பெயருக்கு அவள் மண் கிண்ணங்களில் சர்க்கரையும் வால்நட்டும் போட்ட கோதுமை வைத்து, மெழுகுவத்தியோடு ஊருக்கெல்லாம் கொடுப்பாள். இந்த வருஷமும் முகாமில் இரவல் அடுப்பில் வேகவைத்தாள். தட்டைத் தூக்கிக்கொண்டு வகுப்பறை வகுப்பறையாகப் போனாள். ஒருத்தி கையில் மாவு என்றாள். ஒருத்திக்கு வயிறு சரியில்லை. தியாகுவின் மனைவி, நீட்டிய பிள்ளையின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "வாங்குனா நம்ம வீட்டுக்கும் எலி வரும்" என்று யாரோ முணுமுணுத்தது எனக்கே கேட்டது.

நாம் கொடுத்ததை உயிரோடிருக்கும் ஒரு கை வாங்கி, "இறந்தவர் பாவம் தீரட்டும்" என்று சொன்னால்தான் அங்கே அவனுக்குப் பசியாறும். அப்படித்தானே நம்மை வளர்த்தார்கள்? ஸ்தானா ஒரு கிண்ணம்கூடக் குறையாத தட்டோடு என் முன்னால் வந்து நின்றாள். நான் வாங்கினேன், சொல்ல வேண்டியதைச் சொன்னேன், தின்றேன். இன்னொன்று வாங்கினேன். மூன்றாவதும் வாங்கினேன். அதற்கு மேல் தொண்டைக்குள் இறங்கவில்லை. ஒரு கட்டிடம் நிறைய ஜனம் செய்ய வேண்டியதை ஒருத்தி வயிறு செய்ய முடியுமா? மீதியைத் துணி போட்டு மூடி வைத்தாள். மறுநாள் புளித்துவிட்டது.

பாந்தெலே அண்ணன் அப்போது ஜன்னலோரம் திரும்பி நின்றார். அவர் யாரிடமும் வாதாடவில்லை. நான் ஒருநாள், "அண்ணே, தின்னலன்னு சொல்லுங்களேன், ஏன் ஊமையா நிக்கிறீங்க?" என்று சத்தம் போட்டேன். "நாப்பது வருஷம் பாத்தவனுங்களுக்கு நான் புதுசா என்ன சொல்ல? எறங்கினது நெசந்தானே" என்றார். இறக்கியவள் எதிரில்தான் நிற்கிறேன். என்னை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் தெரியுமா? நான் எஞ்சினீயரின் அக்கா. புது வீடு யாருக்கு முதலில் என்பது உன் கையில் இருக்கிறது. சூப் குடித்தவர்கள் அத்தனை பேரும் இறங்கினார்கள், ஆனால் பழிக்கு மட்டும் ஒரே ஆள் போதும் இவர்களுக்கு. உன் மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி இந்த ஊர் மேலும் உண்டு. பயப்படாதே, உன் பங்கு குறையாது.

நீ அவருக்கு நகரத்து நீரேற்று நிலையத்தில் காவல் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னாய். நல்ல சம்பளம், அடுப்பு வைத்த அறை. "சத்தமில்லாம எல்லாம் சரியாயிடும்க்கா" என்றாய். அவர் நல்ல பெயரைப் பறித்துக்கொண்டு சம்பளம் கொடுக்கிறாய். கோழியைத் திருடியவன் குழம்பில் ஒரு கரண்டி அனுப்பிய கதைதான்.

கடைசியாக ஒன்று சொன்னாய், அதுதான் என்னை அதிகம் குடைகிறது. உண்மை வெளியே வந்தால், அடுத்த வெள்ளத்தில் இறங்குங்கள் என்று யார் சொன்னாலும் இந்த ஜனம் கேட்காது, கரையிலேயே நின்று செத்துப்போகும், ஒரு கிழவர் பெயரைக் காப்பாற்ற அத்தனை உயிரைப் பணயம் வைக்கலாமா என்று. எமில், இறங்கச் சொல்லும் வார்த்தையைக் கெடுத்தது நீ. உண்மை அல்ல. ஒவ்வொரு தடவையும் உன் தராசில் அந்தத் தட்டில் ஆயிரம் பேரும் இந்தத் தட்டில் ஒரே ஆளும் இருப்பதால் நீ எப்போதும் சரியாகவே இருக்கிறாய். அந்த ஒரே ஆளாக நீ ஒருநாளும் இருந்ததில்லை.

ஜூலையில் எலியா திருநாளன்று, புதிதாகக் கட்டிய கரை மேல் மேடை போடப் போகிறார்களாம், நீ வந்து வீட்டுச் சாவி கொடுப்பாயாம், உனக்குப் பதக்கமும் உண்டாம். அதே மேடையில் பாந்தெலே அண்ணன் நாற்பது வருஷம் கரை காத்த தன் மண்வெட்டியைப் புதுக் காவலனிடம் ஒப்படைக்க வேண்டுமாம், எல்லோர் முன்னாலும். அன்று நீ உண்மையைச் சொல். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன். உன் வேலை போகும் என்று தெரியும். உன் மனைவி என் முகத்தில் விழிக்க மாட்டாள் என்றும் தெரியும். உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அந்த இடுப்பு வலியோடுதான் இதை எழுதுகிறேன்.

பரஸ்கீவா


மேட்டுப் பள்ளிக்கூட முகாம்
ஜூலை, எலியா திருநாளுக்கு முந்தின வாரம்

அன்புள்ள தம்பி,

நீ பதில் எழுதவில்லை. பூட்ஸை மறுபடி அனுப்பியிருக்கிறாய். சரி, இருக்கட்டும், மழை வந்தால் போட்டுக்கொள்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்து உட்கார என்னால் முடியவில்லை. ஊரிடம் சொல்வதற்கு முன்னால் உரியவரிடம் சொல்ல வேண்டும் என்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாந்தெலே அண்ணனிடம் சொல்லிவிட்டேன். உன் ஃபோன், என் அண்டா, பொக்லைன், பஸ்கள், ஆஸ்பத்திரி, எலி வளை, ஒன்று விடவில்லை.

அவரைப் புண்ணியவான் என்று நினைத்துக்கொள்ளாதே. கையில் இருந்த கோப்பையைச் சுவரில் எறிந்தார். உன் அம்மாவை, அதாவது என் அம்மாவையும் சேர்த்து, நான் இங்கே எழுத முடியாத வார்த்தை சொன்னார். "அவன் கால ஒடிச்சு அந்த ஆத்துலயே போடுறேன் பாரு. என் மடியில உக்காந்து மீன் பிடிக்கக் கத்துக்கிட்ட பய. எங்கிட்ட கேக்க அவனுக்கு வாய் இல்லையா? நான் என்ன மரக்கட்டையா?" என்று கத்தினார். ஸ்தானா அவர் வாயைப் பொத்தினாள். எனக்கு, உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டு ஒரு நிம்மதி. இரண்டு மாதமாக அந்த மனிதர் குரல் உயர்த்தி நான் கேட்கவில்லை.

அப்புறம் தரையில் உட்கார்ந்து கோப்பைச் சில்லுகளைப் பொறுக்கினார். பிறகு என்னிடம், "ஆஸ்பத்திரியில சவீனா எந்த மாடி?" என்று கேட்டார். பிரசவ வார்டு தரைத்தளம் என்று உனக்குத் தெரியும். தண்ணீர் முதலில் புகுந்திருக்கும் இடம் அதுதான் என்பதை நானும் மறைக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது வந்தார். அடுப்படியில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கீவா, நீ யார்கிட்டயும் சொல்லாத" என்றார். எனக்குப் பால் பொங்கியது தெரியவில்லை. உன்னைக் காப்பாற்றவா என்று கேட்டேன். "அவன எதுக்கு நான் காப்பாத்தணும்? அவன் நாசமாப் போகட்டும்" என்றார். பிறகு சொன்னார்: "சவீனா பிள்ளையைத் தூக்கிட்டு ஊருக்கு வரப்போறா. இந்த ஊர் வாய் உனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்காக ஊர முக்கினாங்கன்னு தெரிஞ்சா, நாளைக்கு அந்தக் குட்டி தெருவுல நடக்கும்போது, உனக்காகத்தாண்டி எங்க மாடு செத்துச்சு, எங்க வீடு இடிஞ்சுச்சும்பானுங்க. வாழ்நாள் பூரா அவ தலையில அது இருக்கும். எனக்கு வயசாச்சு, என் தலை தாங்கும். எலி வளையா இருந்துட்டுப் போகட்டும்."

அத்தோடு விடவில்லை. என் கையைப் பிடித்து, செத்த மகன் பெயரில் சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் செய்து கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்ய? நான் சொல்வேன் என்று உனக்கு எழுதினேனே, அது முடிந்தது. மேடையில் நான் வாய் திறக்க மாட்டேன். நீ நிம்மதியாக மூச்சு விடலாம்.

விடு பார்க்கலாம், உன்னால் முடிந்தால்.

அன்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது என்று எழுதியிருந்தேன். இப்போது தெரிகிறது. முதலில் கோப்பையை எறிந்திருப்பார், உன் குலத்தையே வைதிருப்பார், பிறகு சவீனா எந்த மாடி என்று கேட்டிருப்பார். அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும். ஒரு சூப் குடிக்கும் நேரம். கேட்டால் கொடுக்கிறவனிடம் போய்த் திருடினாயே தம்பி! அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. பன்னிரண்டாயிரம் பேரைக் காப்பாற்றிய மனிதர் ஒருவர் இருக்கிறார், அது நீ இல்லை. அவருடைய கையால் ஒரு கிண்ணம் கோதுமை வாங்க இந்த ஊரில் ஆள் இல்லை.

அவர் என்னிடம்தான் சத்தியம் வாங்கினார். உன்னிடம் யாரும் எந்தச் சத்தியமும் வாங்கவில்லை. ஆஸ்பத்திரி என்ற சொல்லே வராமல், குழந்தையின் தலைக்கு ஒன்றும் ஏறாமல், ஒருவன் தன் தலையில் மட்டும் ஏற்றிக்கொண்டு பேச முடியும். வெட்டியது நான், பொய் சொல்லி இறக்கியது நான், எலி கிடையாது, கிழவர் கரையில் ஒரு துணுக்குக்கூடத் தின்றதில்லை. நான்கு வாக்கியம். உன்னைவிடக் கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிறவன் இந்த மாவட்டத்தில் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்புறம் வழக்கு வரட்டும், வேலை போகட்டும். வந்து என்னோடு இரு. இடிந்த சுவரைச் சேர்ந்து கட்டுவோம். சாப்பாட்டுக்குக் குறைவு வைக்க மாட்டேன்.

திருநாள் ஏற்பாடெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஒன்பது மணிக்குப் பாதிரியார் கரையை ஆசீர்வதிப்பார். பிறகு உன் பேச்சு, பதக்கம், சாவி. கடைசியில் மண்வெட்டி. பாந்தெலே அண்ணன் அதற்குப் புதுப் பிடி போட்டு, மணல் தேய்த்து, வேறு எவனோ பிடிக்கப் போவதற்காக மினுக்கி வைத்திருக்கிறார்.

ஸ்தானா மறுபடி கோதுமை ஊறப்போடப் போகிறாள். நான்தான் வற்புறுத்தினேன். யாரும் வாங்காவிட்டால் என்று கேட்டாள். வாங்குவார்கள் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. கரைக்குக் கீழே, புது வேலி ஓரம், தட்டோடு அவள் நிற்பாள். பக்கத்தில் நான் நிற்பேன். நானும் அன்று அடுப்பு மூட்டப்போகிறேன், பீன்ஸ்தான். வருகிறவர் வரட்டும்.

மேடையில் உனக்குப் பெரிய மனிதர்கள் பழரசமும் பிஸ்கட்டும் நீட்டுவார்கள். வாங்காதே. கரை மேல் சாப்பிடக் கூடாது என்று அப்பா உன்னை அடித்தது வீணாக வேண்டாம். பேசி முடித்த பிறகு பசிக்கும். அன்று எல்லோரையும் நான் இறங்கி வரச் சொன்னேன், வந்தார்கள். இப்போது உன்னை ஒருவனைத்தான் கேட்கிறேன். இறங்கி வா, எமில். ஸ்தானாவின் கையிலிருந்து முதல் கிண்ணத்தை நீ வாங்கு.

ஆண்டவர் உன் நாக்குக்குத் துணை இருக்கட்டும்.

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா
கீவா